யாழ்வேனில் சரணாலயம்

ரஞ்சனிக்குப் பொறாமை வந்தால் முகத்தில் தெரியாது. நேராக வயிற்றில்தான் வேலையைக் காட்டும். விவாகரத்து வாங்கிய அன்றுகூட அவளுக்கு வயிறு எரியவில்லை. நவநீதனை விட்டுத் தொலைத்ததில் நிம்மதிதான். அவன் ஸ்ரீரங்கத்தில் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்று கேள்விப்பட்டபோதும், "பாவம், எவளோ மாட்டிக்கிட்டா" என்று சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள். எரிச்சல் ஆரம்பித்தது அதற்கெல்லாம் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகள் யாழினி செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "அம்மா, இளவேனில் ஆன்ட்டி போன்ல சூப்பரா ஒரு கேம் இருக்கு."

இளவேனில் என்பது அந்த மாட்டிக்கொண்டவளின் பெயர்.

கோர்ட்டில் பேசி முடித்தபடி யாழினி வாரம் முழுக்க கே.கே. நகரில் அம்மாவோடு இருப்பாள். சனிக்கிழமை காலையில் நவநீதன் வந்து ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். அங்கே என்ன நடந்தது என்று ரஞ்சனி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. அஞ்சாங்கிளாஸ் படிக்கிற அந்தப் பெண் தோசைக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அப்பா யாரோடு போனில் சண்டை போட்டார், கீழ்வீட்டு மாமா எங்கே வழுக்கி விழுந்தார் வரைக்கும் வந்துவிடும். எம் பொண்ணு எங்கிட்ட எதையும் மறைக்கமாட்டா என்பதுதான் ரஞ்சனிக்கு இருந்த ஒரே சொத்து. அந்தத் திமிரில்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். அது சாதாரணத் திமிரும் இல்லை.

விளையாட்டின் பெயர் மாயவனம். தோளில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், எங்கும் இல்லாத விலங்குகளைப் பிடித்துப் பழக்க வேண்டும். கொஞ்சம் தேறிவிட்டால் உங்களுக்கென்று ஒரு சரணாலயம் கொடுப்பார்கள். கொடுக்கும்போது அது வெறும் பொட்டல். எங்கே சதுப்பு, எங்கே பாறை, எங்கே மூங்கில், எங்கே குளம் என்று நீங்களே பார்த்துப் பார்த்து அமைத்துக்கொள்ள வேண்டும். எதை வைக்கிறீர்களோ அதற்குத் தகுந்த விலங்கு குடிவரும். மற்ற ஆட்டக்காரர்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். வருகிறவர் கையில் ஒரு வலையும் உண்டு. சாமர்த்தியம் இருந்தால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

"எங்க சரணாலயத்துக்குப் பேர் என்ன தெரியுமா?" என்றாள் யாழினி. "யாழ்வேனில்."

"யாரு வச்சது?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான். எம் பேர்ல பாதி, ஆன்ட்டி பேர்ல பாதி."

தோசை கருகியது. யாழினி என்ற பேரை வைப்பதற்காக ரஞ்சனி பிரசவ ஆஸ்பத்திரியிலேயே மாமியாரோடு மல்லுக்கட்டியவள். தையல் வலியோடு கத்திக் கத்திச் சாதித்த பேர் அது. அதை நறுக்கென்று வெட்டி எடுத்துத் தன் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டாளாம் ஒருத்தி. சுமந்தது நான், பேரில் பங்கு அவளுக்கா? அன்றைக்கு ரஞ்சனி சாப்பிடவில்லை.

அதன்பிறகு வாராவாரம் ஒரு செய்தி வந்தது. ஆன்ட்டி குளம் வெட்டினாங்க. ஆன்ட்டி என்னைப் பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க பார்த்த மாதிரியே செடி வச்சோம். பிறகு ஒருநாள் பொரி வந்தது. பொரி ஒரு நீர்முயல். காது முயலுடையது, கால் வாத்துடையது. அது முட்டையாக இருந்தபோது யாழினிதான் பொறுமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்து பொரிக்க வைத்தாளாம். நீர்முயல் என்றால் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். இது மட்டும் வெள்ளைவெளேரென்று வந்துவிட்டது.

"அது யாரு கூப்பிட்டாலும் வராதும்மா," என்று யாழினி குரலைத் தணித்துக்கொண்டாள். "எல்லாரும் கேரட் காட்டுவாங்க, திரும்பிக்கூடப் பார்க்காது. பலாக்கொட்டை காட்டணும். அப்பதான் ஓடி வரும். இது எனக்கும் ஆன்ட்டிக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உனக்கும். யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்," என்றாள் ரஞ்சனி.

மறுநாளே அவள் மாயவனத்தைத் தன் போனில் இறக்கிக்கொண்டாள். ரஞ்சனிக்கு வேலை தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டு உட்காரவைக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் ரிப்போர்ட் அடிக்கும் ரஷீதாவுக்கு இந்த விளையாட்டு ஏற்கெனவே அத்துப்படி. அவள் சொல்லிக்கொடுக்க, ரஞ்சனி மத்தியான நேரமெல்லாம் தட்டித் தட்டி, ஒருவழியாகத் தனக்கும் ஒரு சரணாலயம் வாங்கிவிட்டாள். மகளிடம் மூச்சுவிடவில்லை. பெரிதாக ஒன்றை உருவாக்கி, திடுதிப்பென்று காட்டி, அந்த ஸ்ரீரங்கத்துக்காரியின் குளத்தையும் செடியையும் ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும் என்பது திட்டம்.

ரஞ்சனி முசிறியில் வாழைத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள். கொடுத்த பொட்டல் முழுக்க வாழையை நட்டாள். குரங்கு ஜாதியில் ஒன்று வந்து எல்லாத் தாரையும் தின்றது. மிச்ச இடத்துக்குச் சேற்றுத்தவளை வந்தது. வேறு எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

"எங்க பார்த்தாலும் வாழைய நட்டா வேற என்னடி வரும்?" என்று ரஷீதா சிரித்தாள். "இது சரணாலயமா, உங்கப்பா தோப்பா?"

சிரிப்பு ரஞ்சனிக்கு உறைத்தது. அப்படி என்னதான் கட்டிக் கிழித்துவிட்டாள் அவள் என்று பார்க்கத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு யாழ்வேனில் என்று தேடினாள். வாசல் திறந்தது. மலைக்கோட்டை என்ற பேரில் ஒரு பார்வையாளராக உள்ளே போனாள்.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. இளவேனில் தன் ஊரையே தூக்கி வைத்திருந்தாள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். நடுவில் கோயிலைப் போலவே மதிலுக்குள் மதில், வீதிக்குள் வீதி என்று ஏழு சுற்று. சித்திரை வீதி இருக்க வேண்டிய இடத்தில் புல்வெளி, உத்திர வீதியில் மூங்கில், கடைசிச் சுற்றில் தாமரைக் குளம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஜாதி விலங்கு மேய்ந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் வந்துபோனவர்கள் வைத்த பூக்கள். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. மட்டமாக இருந்திருந்தால் ரஞ்சனி தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

குளக்கரையில் சொந்தக்காரர்களின் உருவங்கள் நின்றன. உயரமாக ஒன்று, புடவையில். குட்டையாக ஒன்று, இரட்டைச் சடையில். இரண்டும் கைகோத்துக்கொண்டிருந்தன. யாழினிக்கு இரட்டைச் சடை பிடிக்காது. ரஞ்சனி பின்னிவிட வந்தால் தலையை உதறிக்கொண்டு ஓடுவாள். இங்கே ரிப்பனோடு நிற்கிறாள்.

அந்தக் குளத்துப் படியில்தான் பொரி உட்கார்ந்திருந்தது. ரஞ்சனி பையைத் துழாவினாள். கேரட் இருந்தது, கீரை இருந்தது, அடியில் பலாக்கொட்டையும் இருந்தது. எடுத்துக் காட்டினாள். பொரி காதைத் தூக்கியது, கொஞ்சம்கூட ரோஷமில்லாமல் தத்தித் தத்தி அவளிடமே ஓடி வந்தது. வலையை வீசினாள். விளையாட்டு திரை முழுக்க மத்தாப்புக் கொளுத்தி, அபூர்வ விலங்கைப் பிடித்துவிட்டீர்கள் என்று வாழ்த்தியது.

ரஷீதா எட்டிப் பார்த்துக் கைதட்டினாள். "வெள்ளையா? அம்மாடி, எங்கடி கிடைச்சுது?"

"எங்கேயோ," என்றாள் ரஞ்சனி. தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டாள். ரஷீதாவின் டப்பாவிலிருந்து கத்தரிக்காயையும் எடுத்துக்கொண்டாள். தேடட்டும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏழு வீதியிலும் ஓடி ஓடித் தேடட்டும். அன்றைக்குப் பூராவும் அவளுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. அழப்போவது இளவேனில் என்றே அவள் நினைத்திருந்தாள். போன் இளவேனிலுடையதாக இருக்கலாம், புல்லும் குளமும் அவள் வைத்ததாக இருக்கலாம், ஆனால் முயல் யாருடையது என்பதை அந்தக் குளிர்ச்சியில் மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் இளவேனில் பேசறேன்."

அக்காவாம். யாருக்கு யார் அக்கா? "சொல்லுங்க," என்றாள் ரஞ்சனி.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. யாழினி காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. கேம்ல அவ வளர்த்த முயலை யாரோ பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அழுதுக்கிட்டே இருக்கா. அவரு சொல்லியும் கேக்கலை. நீங்க பேசினா கேப்பா."

நீங்க பேசினா கேப்பா. ரஞ்சனிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஏழு வீதி கட்டினாலும் கடைசியில் என்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "குடுங்க அவகிட்ட."

யாழினிக்கு விக்கல் எடுத்தது. "அம்மா, பொரி போயிடுச்சும்மா. யாரோ மலைக்கோட்டைன்னு ஒருத்தங்க."

"சரிடா கண்ணு, அழாத. வேற ஒண்ணு வளர்த்துக்கலாம்."

"வேற வேண்டாம். பலாக்கொட்டை எப்படிம்மா அவங்களுக்குத் தெரிஞ்சுது? எனக்கும் சித்திக்கும்தானே தெரியும். உனக்கும் தெரியும், ஆனா உனக்கு ஆடவே தெரியாது."

சித்தி. போன வாரம் வரைக்கும் ஆன்ட்டி. ரஞ்சனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எங்க இருக்க?" என்றாள்.

"சித்தி மடியில படுத்திருக்கேன்."

இதற்குமேல் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. சாப்பிடு, சாப்பிடு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். தன் கையால் பிடித்துத் தூக்கி மகளை அந்த மடியில் படுக்க வைத்தது தான்தான் என்பது விளங்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. அழுகை நின்றால்தான் எழுந்திருப்பாள். முயல் வந்தால்தான் அழுகை நிற்கும். குழந்தை பாவம் என்று இரக்கம் வந்ததும் உண்மைதான். ஆனால் முதலில் வந்தது அந்த மடியின் நினைப்பு.

போனை எடுத்துப் பொரியை விடுவித்தாள். அது வாலை ஆட்டிவிட்டு மறைந்தது. அப்பாடா என்று நினைக்கும்போதே ஓர் அறிவிப்பு வந்தது. பொரி தன் சரணாலயத்துக்குத் திரும்பிவிட்டது, ஆனால் காட்டுப் பக்கத்து வாசல் சாத்தியிருப்பதால் வெளியே காத்திருக்கிறது, பொழுது சாய்ந்தால் காட்டுக்குள் போய்விடும், அதன்பின் யாருக்கும் கிடைக்காது.

ரஞ்சனி மறுபடி யாழ்வேனிலுக்குள் ஓடினாள். மாயவனத்தில் காடு எப்போதும் வடக்கேதான். வடக்கு மதிலில் இருந்த வாசல் இறுக்கிச் சாத்தியிருந்தது. கதவில் மாலை. பக்கத்தில் ஒரு பலகை: 'பரமபத வாசல். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்று திறக்கப்படும்.'

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகத்தில் மாயவனம் ஆடுகிற எவரும் காட்டுப் பக்கத்து வாசலைத்தான் முதலில் திறந்து வைப்பார்கள். புது விலங்கு அந்த வழியாகத்தான் வரும். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு மட்டும்தான் கைவராது. கோயிலில் வடக்கு வாசல் வருஷத்துக்கு ஒருமுறை திறப்பது என்றால் போனிலும் வருஷத்துக்கு ஒருமுறைதான். இது ஆடி மாசம். மார்கழி எங்கே இருக்கிறது? விடுவித்தவளின் திரையில் மட்டும் மதிலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று குந்திக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

பார்வையாளரால் எதையும் எழுத முடியாது. பூ வைக்கலாம், அவ்வளவுதான். கதவடியில் ஒரு பூவை வைத்தாள். இன்னொன்று வைத்தாள். வாசலே மறையும் அளவுக்குப் பூவாக வைத்துத் தள்ளினாள். பரமபத வாசலுக்கு யாரோ பக்தர் வந்து பூச்சொரிகிறார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் எதிர்வீட்டு மாடிக்கு ஏறியிருந்தது.

யாழினியிடமே ஜாடையாகச் சொல்லிவிடலாம் என்று அந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

"அழுது அழுது தூங்கிட்டாக்கா," என்றாள் இளவேனில். "எழுப்பவா?"

எழுப்பினால் மட்டும் என்ன சொல்வது? வடக்கே ஒரு வாசல் இருக்கிறதென்று யாழினி ஒருநாளும் அம்மாவிடம் சொன்னதில்லை. மகளிடம் மாட்டுவதா, இந்த இளவேனிலிடம் மாட்டுவதா என்பதுதான் மிச்சம். இவளிடம் மாட்டினால் மானம் போகும். மகளிடம் மாட்டினால் எல்லாமே போகும்.

"எழுப்ப வேண்டாம்," என்றாள். "வந்து, உங்க சரணாலயத்துல வடக்கு வாசல் இருக்குல்ல, அதைத் திறங்க."

"வடக்கு வாசலா? அது பரமபத வாசல்க்கா. மார்கழியிலதான்…"

"இப்பத் திறங்க. பொரி வெளிய நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள திறக்கலைன்னா போயிடும்."

அந்தப் பக்கம் மிக்சி ஓடும் சத்தம் நின்றது. தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேயும்வரை போனில் கேட்டது. கத்தியிருந்தால், நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டிருந்தால், ரஞ்சனியும் பதிலுக்கு நாலு கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

"சரிக்கா," என்றாள் இளவேனில் கடைசியில். "அவள எழுப்பி அவ கையாலயே திறக்கச் சொல்றேன்."

"யாழினிகிட்ட…"

"சொல்லமாட்டேன்."

சாயங்காலம் நவநீதன் வரவில்லை. ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டது இளவேனில். ரஞ்சனி அவளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். சின்னப் பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலி, களைத்த முகம். அழகி என்று சொல்ல முடியாது. அதிலும் ரஞ்சனிக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. வண்டி நிற்பதற்குள் யாழினி குதித்து ஓடிவந்தாள். தலையில் இரட்டைச் சடை.

"அம்மா, பொரி வந்துடுச்சும்மா! சித்திதான் கண்டுபிடிச்சாங்க. அந்த வாசலைத் தொடவே விடமாட்டாங்கம்மா, தெய்வக்குத்தம்பாங்க. இன்னைக்கு எனக்காகத் திறக்கச் சொன்னாங்க. திறந்தா அங்கயே உக்காந்திருக்கு!"

"அப்படியா," என்றாள் ரஞ்சனி.

"சித்திக்குத் தேங்க்ஸ் சொல்லும்மா."

ரஞ்சனி நிமிர்ந்து இளவேனிலைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினாள். ஒரு துளி இருந்திருந்தால் வாழ்நாளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வெறுத்திருக்கலாம். இல்லை.

"தேங்க்ஸ்ங்க," என்றாள்.

"பரவால்லக்கா. அவ இன்னைக்குச் சரியாவே சாப்பிடலை. போயிட்டு வரேன்," என்று சொல்லி இளவேனில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே என்று ரஞ்சனிக்கு எரிந்தது.

உள்ளே போய் தோசைக்கல்லை வைத்தாள். யாழினி மேடையோரம் ஏறி உட்கார்ந்து கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கதவு எப்படித் திறந்தது, சித்தி எப்படிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அப்பா எதற்குச் சிரித்தார். ரஞ்சனி கேட்டுக்கொண்டே ஊற்றினாள். மடியும் போகட்டும், சித்தி என்ற பேரும் போகட்டும், இந்தப் பேச்சு என்னிடம்தானே வந்து கொட்டுகிறது என்று மெல்ல மூச்சு வந்தது.

"இனிமே பொரிய யாராலயும் பிடிக்க முடியாதும்மா," என்றாள் யாழினி. "பலாக்கொட்டைய மறக்கடிச்சு வேற தீனி பழக்கிட்டோம்."

"என்ன தீனி?"

யாழினி தோசையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டகூடவா? சித்தி சொல்லவேண்டாம்னாங்களா?"

"இல்லம்மா. அம்மாகிட்ட சொல்லலாமான்னு நான்தான் கேட்டேன். உன் இஷ்டம்னாங்க." யாழினி மென்று விழுங்கிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, புண்படாமல் சொல்ல வேண்டுமே என்ற கவலையோடு மெதுவாகச் சொன்னாள். "நான்தான் யோசிச்சேன். நீ வேணும்னு சொல்லமாட்டம்மா. ஆனா ரஷீதா ஆன்ட்டிகிட்ட பேசும்போது மறந்து சொல்லிடுவ. அதான் உனக்கு வேண்டாம்னு வச்சுட்டேன்."

"சரி," என்றாள் ரஞ்சனி.

"கோவமா?"

"இல்லடா, சாப்பிடு," என்று சொல்லி ரஞ்சனி அடுத்த தோசைக்கு மாவை எடுத்தாள்.